கீழே வைக்கத் தெரிந்த கை

உலகின் எந்த மூலையில் பிறந்த கதையானாலும், எளியவன் ஒருவனின் கையில் அரிய பொருள் ஒன்று வந்து சேர்வதை அதில் காணலாம். விளக்காகவோ மோதிரமாகவோ கோலாகவோ பாத்திரமாகவோ அது இருக்கும். தேய்த்தால் பூதம் வரும். அணிந்தால் உருவம் மறையும். கவிழ்த்தால் சோறு குவியும். அம்புலிமாமாவைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் படுத்துக் கிடந்த என் தலைமுறைச் சிறுவர்களுக்கு இத்தகைய பொருள்களின் பட்டியல் மனப்பாடம். 1951இல் வெளிவந்த ‘பாதாள பைரவி’யில், கேட்டதெல்லாம் தரும் சிலையைத் தோட்டக்காரன் மகன் பெறுவதையும், பின்னர் அது மந்திரவாதியின் கைக்குப் போய்ச் சேர்வதையும் கொட்டகை மணலில் அமர்ந்து பார்த்திருக்கிறோம். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே பேச்சுதான். அந்தச் சிலை நமக்குக் கிடைத்தால் என்ன கேட்பது?

வயது ஏறிய பின்னர் இக்கதைகளில் வேறொன்று புலப்பட்டது. நல்ல கதைசொல்லிகள் மாயப் பொருளின் ஆற்றலை வியப்பதோடு நின்றுவிடுவதில்லை. அது யாருடைய கைக்கு வந்தது, வந்தபின் அந்தக் கை என்ன ஆயிற்று என்பதிலேயே அவர்களுடைய கண் இருக்கிறது. சிறுவர்களாகிய நாங்கள் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதை கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மண்ணச்சநல்லூரில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்திய ஆண்டுகளில் இதனைப் பிள்ளைகளோடு பேசிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள எங்கள் ஊர், அரிசி ஆலைகளின் ஊர். பொன்னி அரிசி என்றாலே வெளியூர் வணிகர்க்கு எங்கள் ஊர்ப் பெயர் நினைவுக்கு வரும். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, சிமெண்டுக் களத்தில் பரப்பி உலர்த்துவார்கள். இன்று பல ஆலைகளில் உலர்த்தும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அன்றோ, உச்சி வெயிலில் களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தவர்கள் பெண்கள். பகலெல்லாம் பொன்னி நெல்லைத் துழாவியவர்கள் மாலையில் நியாயவிலைக் கடை அரிசியை உலையில் இடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருந்தனர். ஆகவே அமுதசுரபியின் கதையை அங்கே சொன்னபோது, அது வெறும் கதையாகக் கேட்கப்படவில்லை.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை பௌத்தக் காப்பியம். அதனை மறைக்கல்வி வகுப்பில் சொல்லலாமா என்று பெற்றோர் ஓரிருவர் கேட்டதுண்டு. பசித்தவர்க்குச் சோறிட்ட கதை எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் அதைக் கேட்பதில் நமக்குத் தடையில்லை என்று விடை கூறினேன்.

ஆபுத்திரன் என்பவன் பிறந்தவுடன் கைவிடப்பட்ட குழந்தை. ஒரு பசுவின் பாலால் உயிர் பிழைத்தவன். வேள்விக்குரிய பசுவைக் காப்பாற்ற முயன்றதால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு மதுரைக்கு வந்தான். அங்கே வீடு வீடாக இரந்து, குருடர் செவிடர் முடவர் முதலியோரை அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, இரந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்கினான். மழை கொட்டிய ஓர் இரவில் பசியோடு வந்து நின்றவர்களுக்குக் கொடுக்க அவனிடம் எதுவுமில்லை. அவன் கலங்கி நின்றபோதுதான் சிந்தாதேவி அள்ளக் குறையாத பாத்திரத்தை அவன் கையில் அளித்தாள். பஞ்சத்தால் வாடிய நாடு அவனால் உண்டது.

இந்திரன் முதியவன் வடிவில் வந்து வரம் தருவதாகச் சொன்னான். பசிப்பார் இல்லாத வானுலகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவன் நகைத்தான். சினந்த இந்திரன் அவனை அழிக்க இடியை அனுப்பவில்லை, மழையை அனுப்பினான். நாடு செழித்தது. உண்ண வருவார் இல்லை. உண்பார் உளரோ என்று ஊர் ஊராய்க் கேட்டுத் திரிந்தவனை மக்கள் எள்ளினர். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்று மரக்கலம் ஏறினான். இடையில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கலம் புறப்பட்டுவிட்டது. ஆளில்லாத் தீவில், உலகுக்கே சோறிடக்கூடிய பாத்திரத்தோடு அவன் தனித்து நின்றான். ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்பட்டு, உயிர்களைப் பேணும் அருளாளர் எவரேனும் வந்தால் அவர் கைக்குப் போய்ச் சேர்க என்று சொல்லி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். பின் உண்ணாது கிடந்து உயிர் நீத்தான்.

கதை முடிந்ததும் வகுப்பில் சற்று அமைதி. முதலில் ஒரு பையன் கேட்டான்: “சார், அந்தப் பாத்திரம் ஆலை முதலாளி கையில கெடச்சிருந்தா?” “மூட்டை போட்டு வித்திருப்பாரு” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தனர். சிரிக்காத சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாய் களத்தில் நெல் துழாவுபவர். “தீவுல தனியா நின்னப்ப அவரு ஏன் சார் அதுல சாப்பிடல? அவருக்கும் பசிதானே?” என்றாள்.

உரையாசிரியர்கள் தரக்கூடிய விடைகள் சில என்னிடம் இருந்தன. அவற்றைச் சொல்வதற்குமுன் பின்வரிசையிலிருந்து மெல்லிய குரல் வந்தது: “ஒருவேள சாப்பிட்டிருந்தா, அப்புறம் கீழ வைக்க மனசு வந்திருக்காது சார்.”

உண்ணாதிருந்து உயிர்விட்ட ஆபுத்திரனின் முடிவை நம் மறை ஏற்பதில்லை. உயிர் இறைவனின் கொடை. ஆயினும் அந்தச் சிறுவன் சொன்னது கதையின் உயிர்நிலையைத் தொட்டது என்பதே என் எண்ணம். பிறர்க்காக வந்த பொருள் தன் ஒருவனுக்கே உரியதாகும் நொடியில், அதைப் பிடித்திருக்கும் கை இறுகத் தொடங்குகிறது. மாயப் பொருள் ஒன்று கையில் இருக்கும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இதை என்னால் கீழே வைக்க முடியுமா?

இக்கேள்வியை முன்னிட்டே நம் பழங்கதைகள் பலவும் நடக்கின்றன. பாரதப் போரின் முடிவில் அசுவத்தாமன் அழிவுக் கணையை ஏவுகிறான். அதைத் தடுக்க அருச்சுனனும் ஏவுகிறான். உலகம் எரியுமே என்று முனிவர்கள் இடைபுகுந்து வேண்டியபோது அருச்சுனன் தன் கணையைத் திரும்ப அழைத்துக்கொண்டான். அசுவத்தாமனுக்கு விடுக்கத் தெரிந்திருந்தது, அழைக்கத் தெரியவில்லை. அவன் கணை உத்தரையின் கருவிலிருந்த சிசுவை நோக்கித் திரும்பியது. இருவருக்கும் ஒரே ஆசான், ஒரே கலை. வேறுபாடு, திரும்பப் பெறும் ஆற்றலில் இருந்தது.

மணிமேகலையிடம் அமுதசுரபி மட்டும் இருக்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். வேற்றுருவம் கொள்ளும் மந்திரத்தையும் மணிமேகலா தெய்வம் அவளுக்கு அருளியிருந்தது. பாத்திரத்தைக் கொண்டு காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தாள். தன்னைத் தொடர்ந்து வந்த உதயகுமரனிடமிருந்து தப்ப, அந்தக் காயசண்டிகையின் வடிவையே மந்திரத்தால் எடுத்துக்கொண்டாள். அதில் தீய நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவ்வேளையில் வந்தான். தன் மனைவி அரசிளங்குமரனோடு உரையாடுவதாகவே கண்டான். வாளை உருவி உதயகுமரனை வெட்டி வீழ்த்தினான். ஒரே பெண், ஒரே தூய உள்ளம், இரண்டு ஆற்றல்கள். பிறர் பசிக்காக எடுத்தது சிறைக்கூடத்தையும் அறக்கோட்டமாக்கியது. தன்னைக் காத்துக்கொள்ள எடுத்தது ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. வேற்றுருவை அணிந்தவளுக்கு அது வேடம் என்று தெரியும், காண்பவனுக்குத் தெரியாதே. மந்திரம் உருவத்தை மாற்றலாம். அதைக் காணப்போகும் கண்களை நம் கட்டுக்குள் வைத்திருக்க எந்த மந்திரமும் இல்லை.

இதே உண்மையைக் கடந்த நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பெருங்கதையாகச் சொன்னவர் ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ‘லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் நூலை 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1892இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். தந்தையை இழந்த அவருடைய குடும்பம் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, 1900இல் தாயார் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினரின் ஆதரவை இழந்தார். 1904இல் இறந்தும் போனார். ஆதரவற்ற இரு மைந்தரையும் பொறுப்பேற்று வளர்த்தவர் பிரான்சிஸ் மார்கன் என்னும் குரு. தம் நூல் அடிப்படையில் கத்தோலிக்கச் சமயத் தன்மை கொண்டதே என்று டோல்கீன் 1953இல் இயேசு சபை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். 2001 முதல் 2003 வரை அது திரைப்படங்களாக வந்தபின் நம் இளைஞர் பலரும் அக்கதையை அறிவர்.

அக்கதையில் ஒரு மோதிரம். அணிந்தவனை மறைக்கும், உலகை ஆளும் வலிமையையும் தரும். அதனை உருவாக்கியவன் தீயோன். அது பிரோடோ என்னும் எளிய உருவினன் கையில் இருக்கிறது. காண்டால்ப் என்னும் ஞான முதியவரிடம் அவன் அதைக் கொடுக்க முன்வருகிறான். அவரைவிடத் தகுதியானவர் யார்? அவரோ அஞ்சி மறுக்கிறார். அவருடைய அச்சம் பேராசையைப் பற்றியதன்று. மெலிந்தோர்மேல் கொண்ட இரக்கமும், நன்மை செய்ய வலிமை வேண்டும் என்னும் விருப்பமுமே அந்த மோதிரம் தம் உள்ளத்தில் நுழையும் வாயில்கள் என்பதை அவர் அறிந்திருக்கிறார். மற்றொருவனாகிய போரமிர் தன் மக்களைப் பகைவரிடமிருந்து காக்கவே அதனை விரும்புகிறான். அந்த நல்ல விருப்பமே அவனை நண்பன்மேல் கைவைக்கச் செய்கிறது. சோதனை எப்போதும் கறுப்பு உடையில் வருவதில்லை என்று ஞானநூல்கள் கூறுவதை இங்கே கதையாகக் காண்கிறோம்.

பிரோடோவின் பணியாளன் சாம் ஒரு தோட்டக்காரன். சிறிது நேரம் மோதிரம் அவன் கையில் இருக்கிறது. உடனே அவன் கண்முன் ஒரு காட்சி விரிகிறது. பாழ்நிலம் முழுவதும் அவன் ஆணையால் பூந்தோட்டமாகிறது! தோட்டக்காரனுக்குத் தோட்டத்தைக் காட்டித்தான் வலை விரிக்க முடியும். ஆனால் தன் இரு கைகள் கொத்திப் பண்படுத்தும் சிறு தோட்டமே தனக்குப் போதும் என்று உணர்ந்து அவன் விடுபடுகிறான். மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அந்தச் சிறு தோட்டத்தின் எல்லைதான் அவனைக் காத்தது.

எனினும் டோல்கீன் நம்மை எளிதில் ஆறுதல்படுத்திவிடவில்லை. மோதிரத்தை அழிக்க நெடுந்தொலைவு துன்புற்று நடந்த பிரோடோ, எரிமலை விளிம்பில் நின்ற இறுதி நொடியில் அதை எறிய மறுத்து, இது எனக்கே உரியது என்கிறான். நல்லவன், தியாகி, அவனாலும் கீழே வைக்க முடியவில்லை. முன்பு அதை இழந்த இழிந்தவன் ஒருவன் பாய்ந்து, அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, கால் தவறி நெருப்பில் வீழ்கிறான். உலகம் காப்பாற்றப்படுகிறது. அந்த இழிந்தவனைக் கொல்ல வாய்ப்பிருந்தும் இரக்கத்தால் பலமுறை விட்டுவைத்திருந்தார்கள். வீரத்தால் முடியாதது, என்றோ காட்டிய இரக்கத்தின் வழியாக அருளாக வந்து சேர்ந்தது. அந்த நாளுக்கு ஆசிரியர் இட்ட தேதி மார்ச் 25. கன்னி மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை உரைத்த பெருவிழா நாள் அது என்பதைக் கத்தோலிக்க வாசகர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கதைகள் இருக்கட்டும், நம் விவிலியம் என்ன சொல்கிறது? பெலிஸ்தியரோடு நடந்த போரில் ஏறத்தாழ நாலாயிரம் பேரை இழந்த இஸ்ரயேல் மக்கள், சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பேழையைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தனர். பேழை வந்தால் வெற்றி உறுதி என்று நம்பி, மண் அதிர ஆர்ப்பரித்தனர். ஆனால் வீழ்ந்தவர்கள் முப்பதாயிரம் பேர். குரு ஏலியின் மக்கள் இருவரும் மாண்டனர். பேழையும் பகைவர் கைக்குப் போயிற்று. பேழை பொய்யா? இல்லை. ஆண்டவரின் உடனிருப்பின் அடையாளத்தை அவர்கள் படைக்கலமாக எடுத்தார்கள். ஆண்டவரோ எவருடைய படைக்கலமும் அல்லர்.

பாலைநிலத்தில் பாம்புக்கடியால் மடிந்தவர்களுக்காக மோசே வெண்கலப் பாம்பைச் செய்ததும் இறைவனின் கட்டளையால்தான். அதை நோக்கியவர்கள் பிழைத்தனர். ஆனால் பல நூற்றாண்டுகளுக்குப்பின் மக்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்ததை எசேக்கியா அரசர் கண்டார், அதனை உடைத்துப்போட்டார். மோசே தம் கையால் செய்ததை உடைக்க எத்துணைத் துணிவு வேண்டும்! கீழே வைக்க மறந்துபோனதைச் சில வேளைகளில் உடைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆண்டவரின் திருப்பெயரையே மந்திரமாக்கிப் பார்த்தவர்களையும் திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகிறது. எபேசு நகரில் ஸ்கேவாவின் மக்கள் எழுவர், பவுல் அறிவித்த இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேயோட்ட முயன்றனர். இயேசுவையும் பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று கேட்ட தீய ஆவி, அவர்களைக் காயப்படுத்தி ஆடையின்றி ஓடச்செய்தது. அதைக் கண்ட நகரத்தார் என்ன செய்தனர் என்பது நம் கவனத்துக்குரியது. மாயவித்தை செய்துவந்தவர்கள் தங்கள் நூல்களை எல்லார் முன்னிலையிலும் கொண்டுவந்து எரித்தனர். அவற்றின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக் காசு. விற்றிருக்கலாம், விற்கவில்லை.

இவையெல்லாம் பழைய செய்திகள் என்று நாம் இருந்துவிட இயலாது. பல ஆண்டுகளுக்குமுன் என் தங்கையின் மகனுக்குப் பத்து வயதில் வலிப்பு வந்தது. திருச்சியில் மருத்துவர் பார்த்து, ஆண்டுக்கணக்கில் ஒருநாளும் தவறாமல் மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார். தங்கை தவறாமல் கொடுத்தாள். வலிப்பும் நின்றது. அந்நிலையில் செபக் கூட்டம் ஒன்றில் அவளுக்கு மந்திரித்த எண்ணெய்ப் புட்டி ஒன்று கிடைத்தது. ஒன்பது நாள் பூச வேண்டும். அந்நாள்களில் மாத்திரை கொடுப்பது நம்பிக்கைக் குறைவு என்று கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் விடியலில் சிறுவனுக்கு வலிப்பு வந்தது. நிற்காமல் மீண்டும் மீண்டும் வந்தது. இத்தகைய மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அவ்வாறு நேரக்கூடும் என்பதை மருத்துவமனையில் விளக்கினார்கள். இரண்டு நாள் கழித்தே அவன் கண்விழித்துத் தாயை அடையாளம் கண்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தாள். எண்ணெய்ப் புட்டி அப்போதும் முந்தானையில் முடிந்திருந்தது. உறவினர் சிலர் அவளைக் கடிந்து பேசிக்கொண்டிருந்தனர். சற்று நேரம் சென்றபின் அவளாகவே சொன்னாள்: “மாத்திரையக் கொடுத்துட்டு நான் சும்மா காத்துக்கிட்டுல்ல இருக்கணும் அண்ணா. எண்ணெய் பூசும்போது நான் அவனுக்கு ஏதோ செய்யறேன்னு இருந்துச்சு.”

அந்தச் சொல்லை இன்றும் நான் மறக்கவில்லை. அவளிடம் பேராசை இல்லை, ஏமாற்று இல்லை. இருந்ததெல்லாம் மகன்மேல் கொண்ட அன்பும், தன்னால் இயலாமையைத் தாங்க முடியாத நெஞ்சமுமே. காண்டால்ப் அஞ்சிய அதே வாயில்! அன்பின் வழியாக வரும் இச்சோதனையைப் பழித்துப் பேசுவது எளிது. படுக்கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல் காத்திருப்பது எளிதன்று.

பங்குக் குரு வந்து சிறுவனுக்கு நோயில் பூசுதல் என்னும் அருளடையாளத்தை நிறைவேற்றினார். பின் என் தங்கையிடம், “அம்மா, நான் பூசின எண்ணெய் உங்கள் மாத்திரையோடு சண்டை போடாது. சண்டை போடச் சொல்கிற எண்ணெய் எதுவோ, அதைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்” என்று மட்டும் சொல்லிச் சென்றார். எங்கள் தாயார் அந்தப் புட்டியை வாங்கி மூடிவைத்தார். அன்றிரவு முதல் மாத்திரையைத் தம் கையாலேயே கொடுத்து, வெறும் விரலால் பேரனின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து உறங்கவைத்தார். மருத்துவர் சொன்ன காலம்வரை சிறுவன் மாத்திரை உண்டான். இன்று அவன் வேலைக்குச் செல்லும் இளைஞன்.

அருள்பொருள்களைத் திருச்சபை பழிப்பதில்லை. தீர்த்தம், மந்திரித்த எண்ணெய், உத்தரியம், பதக்கம், செபமாலை யாவும் நம் கையைப் பிடித்து இறைவனிடம் அழைத்துச் செல்ல வந்தவை. அவற்றை உள்ளத்தின் நிலையிலிருந்து பிரித்து, வெளிச்செயலுக்கே ஆற்றல் இருப்பதாக நம்புவது மூடநம்பிக்கையில் வீழ்வதாகும் என்று 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2111ஆம் எண்ணில் தெளிவாகக் கற்பிக்கிறது. இந்த மடலைப் பதின்மூன்று பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று முன்பு அஞ்சலட்டையில் வந்து, இப்போது கைப்பேசியில் வந்துகொண்டிருக்கும் செபங்களைப் பற்றியும் இந்த எண் பேசுகிறது என்றே நான் கொள்கிறேன்.

திருச்சி தெப்பக்குளத்தருகே உயர்ந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தைக் கடக்கும்போதெல்லாம் பெர்னதெத் என்னும் சிறுமியின் நினைவு வரும். 1858 பிப்ரவரி 25ஆம் நாள் அன்னையின் சொற்படி சேற்றைக் கையால் தோண்டியவள் அவள். அங்கே ஊற்று பெருகியது. இன்றுவரை எண்ணற்றோர் அந்த நீரைத் தேடிச் செல்கின்றனர். ஆனால் புதுமை எனத் திருச்சபை முறையாக ஏற்ற குணமளிப்புகள் எழுபதைச் சற்றே தாண்டியவை; ஒவ்வொன்றும் மருத்துவர்களால் நெடுங்காலம் ஆராயப்பட்டது. ஊற்றைத் தோண்டியவளோ ஈளையாலும் காசநோயாலும் துன்புற்று 1879இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் நெவேர் மடத்தில் இறந்தாள். அந்த ஊற்று தனக்குரியதன்று என்ற கருத்தை அவளே கூறியதாக வரலாறு சொல்கிறது. கோமுகிப் பொய்கையின் கரையில் நின்ற ஆபுத்திரனை இவளருகில் நிறுத்திப் பார்க்க என் மனம் விரும்புகிறது.

இவ்விருவருக்கும் மேலாக நம் ஆண்டவர் நிற்கிறார். நாற்பது நாள் நோன்பிருந்து பசித்தவரிடம், கற்களை அப்பமாக்கச் சொன்னான் சோதிப்பவன். ஆற்றல் இருந்தது, பசியும் இருந்தது, அவர் மறுத்தார். அதே ஆண்டவர் பின்னர், தம்மைத் தேடி வந்து பசித்திருந்த ஐயாயிரம் பேரைக் கண்டபோது மறுக்கவில்லை. ஒரு சிறுவனிடமிருந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வாங்கி, நன்றி செலுத்திப் பகிர்ந்தளித்தார். தம் பசிக்காகத் தொடாத ஆற்றலைப் பிறர் பசிக்காகத் திறந்தார். மீந்த துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் சொன்னவர், குறையாத கூடை ஒன்றைச் சீடர் கையில் விட்டுச் செல்லவில்லை. நீங்களே அவர்களுக்கு உணவளியுங்கள் என்னும் கட்டளையை விட்டுச் சென்றார். பாலைநிலத்து மன்னாவும் அவ்வாறே. மறுநாளைக்கென்று பதுக்கியவர்களின் பாத்திரத்தில் அது புழுத்து நாறியது. இறைவனின் உணவு அன்றாடம் பெறுவதற்கும் பகிர்வதற்கும் உரியது, பூட்டிவைப்பதற்கு உரியதன்று.

நம் வீடுகளில் முன்பு பிடியரிசிக் கலயம் என்று ஒன்று இருந்தது. இன்றும் சில வீடுகளில் உண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் போட்டு, கோவிலுக்கோ ஏழைக்கோ கொடுப்பார்கள். எங்கள் தாயார் இறுதிவரை அதைச் செய்தார். நல்ல பொன்னி இருந்த வாரம் பொன்னி விழும். கடை அரிசி வாங்கிய வாரம் கடை அரிசி விழும். ஞாயிறுதோறும் கலயம் காலியாகும். திங்கள் காலை மீண்டும் ஒரு பிடியிலிருந்து தொடங்கும். அமுதசுரபி போல் அது தானாக நிறைவதில்லை. மாயம் எதுவும் அதில் இல்லை. அரிசி ஆலைகள் சூழ்ந்த எங்கள் ஊரில் அந்தக் கலயங்கள் குறைந்து வருவது எனக்கு வருத்தம் தருகிறது.

வரும் தவக்காலத்திலேனும் நம் சமையலறைகளில் அதை மீண்டும் வைப்போம். பிள்ளைகள் கையாலேயே அரிசியை எடுக்கச் செய்வோம். அள்ளிய கை கலயத்தின் மேல் விரிந்தால்தான் அரிசி விழும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.